நூற்றைம்பதுக்கு முடித்த வண்டி

என் மனைவி வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளுடைய தம்பி கடைக்குப் போன் செய்தான். பல் வைத்தியன். மற்றவர்கள் வாயைத் திறக்க வைப்பதே பிழைப்பு என்பதாலோ என்னவோ, தன் வாயை அளந்துதான் திறப்பான்.

“மாமா, அக்கா வர்ற ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறா. பேசணும்னா அங்க வரச் சொன்னா.”

“மலை எதுக்கு மாப்ள? வீட்டுக்கே வரலாமே. இல்லன்னா நான் உன் வீட்டுக்கு வரேன்.”

“வீடு வேணாமாம். வீட்டுக்குள்ள உங்ககிட்ட பேசினா செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்காம். நான் சொல்லல, அவ சொன்னது. சைக்கிள்ல வரணுமாம். கார்ல வந்து அடிவாரத்துல நின்னு ஹார்ன் அடிக்கக் கூடாதாம்.”

“என்கிட்ட சைக்கிள் ஏது?”

“அதையும் கேட்டேன். ‘அவர் வியாபாரி, எப்படியாவது பிடிச்சுடுவார்’னா. இன்னொண்ணு மாமா. தனியா ஒரு வீடு பார்த்து வச்சிருக்கா. செவ்வாய்க்கிழமை ஓனருக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள பேசிடுங்க.”

“சரி,” என்றேன்.

போனை வைத்துவிட்டு, உள்ளே ஏதாவது ஆகிறதா என்று பார்த்தேன். ஊசி போட்ட கன்னத்தை விரலால் தட்டிப் பார்ப்போம் இல்லையா, அப்படி. கன்னம் இருப்பது விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

நான் பொத்தான் வியாபாரி. பொத்தான், ஜிப், கொக்கி, லேஸ், மொத்த விற்பனை மட்டும். தாத்தா காலத்துக் கடை. எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் எதுவும் நடந்ததில்லை. ஒன்பது மணிக்குத் தூங்கு என்று அம்மா சொன்னால் பத்து என்போம், ஒன்பதரைக்கு முடியும். எதையும் நடுவில் முடித்துக்கொள்வது எங்கள் குல வழக்கம். கல்யாணமான புதிதில் அவள் தன் வேலைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்றாள், நான் கடைக்குப் பக்கத்தில் என்றேன். சரியாக நடுவில் எடுத்தோம். இருவருக்கும் தூரம்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, “இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?” என்று ஊராரைக் கேட்பாள். என்னையும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறாள்.

இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்தார். அன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டேன், குடை மாட்ட இடம் காட்டினேன், மறுநாள் கடை திறந்தேன். “கல்லு மாதிரி நின்னான் பையன்” என்று சித்தப்பா நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு நின்றவன்தான், பிறகு நகரவில்லை. கால் மரத்துப் போனால் உதறலாம். இது எங்கே மரத்தது என்று தெரிந்தால்தானே உதறுவதற்கு.

போன வருடக் கடைசியில் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஒன்பது நாள் காத்திருந்தாள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று கூடத்தில் நின்று கையில் தாளோடு அழுதாள். நான் ஜிப் சாம்பிள் அட்டைகளை நிற வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். “சரி, நல்லதாப் போச்சு” என்றேன். சொன்னதில் தப்பில்லை. பச்சை அட்டையை நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெட்டியும் சைக்கிளுமாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அதற்கும் நான் சொன்னது “சரி”தான்.

அவள் திரும்பி வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கடைச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிவதைப்போலத் தெரியும். அந்த அளவுதான்.

வெள்ளிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். அச்சகத்துக்குப் பின்னால் சந்து. கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கின. ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து, புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தது போல இருந்தது. கடைக்காரரை எல்லோரும் ‘மில்லி’ என்றார்கள். சொட்டுக்கூடக் குடிக்காதவர். எதற்கெடுத்தாலும் மில்லிமீட்டரில் பேசுவதால் வந்த பெயர்.

“மலையில ஓட்ட ஒரு வண்டி வேணும்,” என்றேன்.

“மலைன்னா? மேல பதினாலு பாதை இருக்கு சார். எதுல?”

“என் மனைவி ஓட்டற பாதையில.”

“யாரு அவங்க?”

“ஒல்லியா இருப்பா. கண்ணாடி போட்டிருப்பா. மஞ்ச ஹெல்மெட்.”

மில்லி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “கண்ணு டாக்டரம்மாவா? பச்சை வண்டி? ஊதா ஹெல்மெட் சார். மூணு வருஷமா ஊதா.” என்னை மேலும் கீழும் பார்த்தார். லேபிள் கிழிந்த சரக்கை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். “ஏழு வருஷமா என்கிட்டதான் சர்வீஸ். கல்யாணம் ஆனவங்கன்னே தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க.”

“எடுத்துக்கல. எனக்கே இப்பல்லாம் சந்தேகமாத்தான் இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வாய் பழக்கதோஷத்தில் சொன்னது.

பிறகு பாடம் நடத்தினார். முன் சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே காற்று அடைத்திருக்கும். கல்லில் மோதினால் கால்கள் உள்ளே இறங்கி, பிறகு நிமிரும். பின்னால் சீட்டுக்குக் கீழேயும் அதே ஏற்பாடு. எவ்வளவு தூரம் இறங்க இடம் இருக்கிறது என்பதுதான் ட்ராவல். வண்டி வாங்கும்போது தீர்மானிக்க வேண்டியது அதுதான். நிறம் எல்லாம் அப்புறம்.

“நிறைய இருந்தா நல்லதுதானே?” என்றேன். மொத்த வியாபாரியின் கேள்வி.

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. கம்மியா இருந்தா பெரிய பாறையில அடி நேரா முதுகுக்கு வரும். ஜாஸ்தியா இருந்தா ஏத்தத்துல வண்டி தொங்கும், மிதிக்கற பலம் பாதி வீணாப் போகும். இறங்கறப்போ மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்கும். கீழ கல்லா மண்ணான்னு தெரியாது. உங்க வீட்டம்மாவுக்கு நூத்தியிருபது மில்லி. ரெண்டு தடவை நூத்தி நாப்பது எடுங்கன்னு சொல்லிப் பார்த்தேன். ‘வேணாம், கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்’னுட்டாங்க.”

அவளோடு பதினாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன். சைக்கிள் எங்கள் வீட்டு வராந்தாவில்தான் நிற்கும். அதைத் தாண்டித்தான் தினமும் செருப்புப் போட்டுக்கொள்வேன்.

“எனக்கு எவ்வளவு வேணும்?”

“அதை நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்.” ஓரத்திலிருந்த ஒரு சாம்பல் நிற வண்டியை உருட்டி வந்தார். “இது நூத்தி நாப்பது. பின்னாடி பழைய கல் குவாரி இருக்கு. மூணு சுத்து சுத்திட்டு வாங்க. இந்த ரப்பர் வளையம் தெரியுதா?” ஃபோர்க்கின் பளபளப்பான காலில் ஒரு கறுப்பு வளையம், வளையல் மாதிரி. அதை அடிவரை இழுத்துவிட்டார். “ஃபோர்க் உள்ள இறங்கினா இது மேல தள்ளிட்டுப் போய் அங்கயே நிக்கும். எவ்வளவு தேவைப்பட்டதுன்னு அதைப் பார்த்துச் சொல்லிடுவேன். வாய் பொய் சொல்லும் சார். வளையம் சொல்லாது.”

வாயில்லாத எதையும் பொய் சொல்ல வைக்கலாம் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அப்போது அது ஞாபகம் வரவில்லை.

குவாரியில் மூன்று சுற்றுச் சுற்றினேன். சின்ன வயதில் கைப்பிடியில் இரண்டு மூட்டை பொத்தான் தொங்க ஊர் முழுக்க ஓட்டியவன் நான், விழவில்லை. ஆனால் இரண்டு பிரேக்கையும் ஆரம்பம் முதல் கடைசிவரை விடவே இல்லை. சரளைச் சரிவில் வண்டி நத்தை போல இறங்கியது. ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்தது, சலித்துப்போய்த் திரும்பிவிட்டது.

கடைச் சந்தின் முனையில் நிறுத்தி வளையத்தைப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை.

உள்ளே மில்லி காத்திருந்தார். அவளுடைய ஹெல்மெட் நிறம் தெரிந்த மனிதர். ‘உங்க வீட்டுக்காரர் வந்தார்மா, குவாரியில உருட்டிக்கிட்டே போயிட்டு வந்தார்’ என்று நாளைக்கு அவர் சொல்ல, அவள் தலையாட்டுவாள். காது சூடானது. முழம் போட்டுப் பூ விற்கிறவன் கை தானாகவே குட்டையாவது போல என் கட்டைவிரல் தானாகவே போயிற்று. பாதிக்குக் கொஞ்சம் மேலே, கௌரவமாக ஒரு இடத்தில் வைக்கலாம் என்றுதான் தள்ளினேன். காலில் எண்ணெய் பூசியிருந்தார்கள். வளையம் வழுக்கிக்கொண்டு உச்சியில் போய் முட்டியது. கீழே இழுப்பதற்குள் மில்லி வாசலுக்கு வந்துவிட்டார்.

குனிந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

“சார், எங்கிருந்தாவது குதிச்சீங்களா?”

“லேசா.”

“நூத்தி நாப்பதும் காலி. அந்தக் குவாரியில நானே நூறைத் தாண்டினதில்ல.” குரலில் மரியாதை ஏறியிருந்தது. “ஆளைப் பார்த்து எடை போடக் கூடாதுன்றது சரிதான். உங்களுக்கு நூத்தி அறுபது வேணும் சார். காத்தும் ஜாஸ்தி வைக்கணும்.”

சரக்கை ஒருபடி அதிகமாகப் புகழ்ந்து, வாங்க வந்தவன் அதற்கே மயங்கிவிட்டால், பிறகு பின்வாங்க முடியாது. பேரத்தில் இறங்கினேன்.

“அவளுக்கு நூத்தியிருபது. எனக்கும் அதுவே குடுங்களேன்.”

“அவங்க பாறையைப் பார்த்துப் பார்த்து ஓட்டறவங்க. நீங்க மோதற ஆள். வளையமே சொல்லுதே. நூத்தி அறுபது.”

“சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். நூத்தி நாப்பதுக்கு முடிச்சுக்கலாம்.”

“சார், இது துணி இல்ல, நடுவுல கிழிக்க.”

“நூத்தைம்பது.”

மில்லி உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன், அவர் பார்வை போன திசையில் என் உயரத்துக்கு ஒரு நூற்றைம்பது நின்றுகொண்டிருந்தது. சரக்கு கையில் இருக்கிற வியாபாரியின் கண்ணை மறைக்க முடியாது.

“இருக்கு,” என்றார், மனசே இல்லாமல். “ஆனா—”

“முடிஞ்சுது,” என்றேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னதை அப்படியே கொடுத்தேன். அப்பா இருந்திருந்தால் அதற்காகவே என்னை மருத்துவரிடம் கூட்டிப் போயிருப்பார். மில்லி ஒரு சின்னப் பம்பை மாட்டி ஃபோர்க்கில் காற்று ஏற்றினார், இன்னும் ஏற்றினார். “நீங்க மோதற மோதலுக்கு இது வேணும்,” என்றார். நான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை அடிவாரத்தில் அவளுக்கு முன்பே போய் நின்றேன். வெயில் இன்னும் மரத்துக்கு மேலே வரவில்லை. பச்சை வண்டி வளைவில் திரும்பி வந்தது. ஹெல்மெட் ஊதாதான்.

“வந்துட்டீங்க,” என்றாள்.

“வரச் சொன்னியே.”

“சொன்னா வருவீங்க. அதுல எப்பவுமே குறை வச்சதில்ல.” வண்டியைப் பார்த்தாள். “நூத்தைம்பதா? இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க, மாடியில இருந்து குதிக்கவா?”

“மில்லி குடுத்தார்.”

“மில்லியா குடுத்தார்?” என்று இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு ஏறத் தொடங்கினாள்.

ஏற்றத்தில் பேச முடியாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வழியில் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். முதல் வளைவிலேயே மூச்சு அதையெல்லாம் எடுத்துக்கொண்டது. அவள் ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலை ஊன்றி நிற்பாள். நான் தெரிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்புவாள். பிறகு ஒரு இறக்கம் வந்தது. வேர்கள், படிப்படியாகக் கற்கள். அவள் வண்டி கற்களுக்கு நடுவில் தண்ணீர் வழிகிற மாதிரி போயிற்று. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி கடகடவென்று இறங்கினேன். பற்கள் ஒன்றோடொன்று இடித்தன. மலைச் சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கம் முடியும் இடத்தில் தட்டையாக ஒரு பாறை. அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டிலை நீட்டினாள். நான் குடிக்கும்போது என் ஃபோர்க்கின் பக்கத்தில் குந்தினாள்.

“ஏங்க, இது இறங்கவே இல்ல.”

“எது?”

“ஃபோர்க்கு. வளையத்தைப் பாருங்க. ரெண்டு விரக்கடைகூட ஏறல.” எழுந்து இரண்டு கையாலும் கைப்பிடியை அமுக்கினாள். விளக்குக் கம்பத்தை அமுக்குவது போல இருந்தது. “கல்லு மாதிரி இருக்கு. இவ்வளவு தூரம் இதுல எப்படி வந்தீங்க?”

“நல்லாத்தான் இருந்தது.”

“கை வலிக்கல?”

“தெரியல.”

“கையைக் காட்டுங்க.”

கையுறையைக் கழற்றினேன். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு கொப்புளம். ஒன்று உடைந்து தோல் சுருண்டிருந்தது. அவளோடு சேர்ந்து நானும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அது என் கையென்றே பட்டது.

அவள் கையை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

“யாருக்கு?”

“மில்லிக்கு. இந்த மாதிரி காத்து வச்சுக் குடுத்தா ஆள் விழுந்து செத்துடுவாங்க. ஏழு வருஷமா அவர்கிட்ட போறேன், நாப்பது பேரை அனுப்பியிருக்கேன். இன்னியோட முடிச்சுக்கறேன்.”

பழுதான சரக்குக்கு அனுப்பியவனைக் கை காட்டுவது எனக்குக் கைவந்த கலை. சும்மா இருந்தால் போதும். அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“போடாத,” என்றேன். “அவர் மேல தப்பில்ல.”

“பின்ன யார் மேல?”

“ஓட்டிப் பாருங்கன்னு ஒரு வண்டி குடுத்தார். நான் ஒண்ணுமே ஓட்டல. உருட்டிட்டு வந்தேன். உள்ள போறதுக்கு முன்னாடி வளையத்தை நானே மேல தள்ளிவிட்டேன். பாதிக்குத் தள்ளலாம்னு பார்த்தேன், வழுக்கி உச்சிக்குப் போயிடுச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் அவர் பெரிய வண்டி சொன்னார். நூத்தி அறுபது சொன்னதை நான் பேசி நூத்தைம்பதுக்குக் கொண்டுவந்தேன்.”

“இதுலயுமா?”

“நடுவுல முடிச்சேன்.”

அவள் பாறையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். மூக்கு வழியாக ஒரு மூச்சு வந்தது, அவ்வளவுதான்.

“எதுக்குத் தள்ளினீங்க?”

நான் யோசித்தேன். கடையில் இப்படி யோசித்தால் வந்தவன் எழுந்து போய்விடுவான்.

“வெக்கமா இருந்தது.”

“யார்கிட்ட? மில்லிகிட்டயா?”

“அவருக்கு உன் வண்டி எத்தனை மில்லின்னு தெரியுது. ஹெல்மெட் கலர் தெரியுது. நான் மஞ்சள்னு சொன்னேன்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மஞ்ச ஹெல்மெட் மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் போட்டது,” என்றாள். “விழுந்து உடைஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்து சொன்னேன். ‘சரி, வேற வாங்கிக்க’ன்னீங்க. அது பரவால்ல, அப்ப உங்க அப்பா இருந்தார், நீங்க நல்லாத்தான் இருந்தீங்க, கேக்காம விட்டது மட்டும்தான். ஆனா இந்த ரெண்டு வருஷத்துல ‘சரி’, ‘தெரியல’ தவிர நீங்க என்கிட்ட சொன்ன ஒரே வார்த்தை இதுதாங்க. வெக்கம்.”

“நல்ல வார்த்தை இல்ல.”

“நல்லதா கெட்டதான்னா கேட்டேன்? ரிசல்ட் வந்த அன்னிக்கு ‘நானும் பயந்துட்டேன்’னு பொய்யாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கா பொய் சொல்லத் தெரியாது? ஒரு நாளைக்கு நூறு சொல்றீங்க.”

“தோணல.”

“அதுதான்.” ஹெல்மெட்டின் பட்டையை மடக்கினாள், விரித்தாள். “வீடு பிடிச்சிருக்குங்க. சின்னது. வேலைக்குப் பக்கம். செவ்வாய்க்கிழமை வரேன்னு சொல்லப் போறேன். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வரச் சொன்னேன்.”

‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. பையிலிருந்து சின்னப் பம்பை எடுத்து என் ஃபோர்க்கின் தலையில் திருகினாள்.

“ஏறி உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கினாள். காற்று ‘உஸ்’ஸென்று வெளியே வந்தது.

“முன்னைவிட பரவால்லையா, இல்ல அதேதானா?” இருட்டறையில் கேட்கிற அதே குரல்.

“அதே.”

இன்னும் கொஞ்சம் விட்டாள். “இப்ப?”

“அதே.”

“இப்ப?”

“கொஞ்சம் இறங்கற மாதிரி இருக்கு.”

“இறங்கற மாதிரியா, இறங்குதா?”

“இறங்குது.”

வளையத்தின் இடத்தை விரலால் அளந்து பார்த்துவிட்டுப் பம்பைக் கழற்றினாள். “இது இன்னிக்கு மட்டும். வண்டியைத் திருப்பிக் குடுங்க. மில்லிகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. மறுபடியும் குவாரியில ஓட்டி, வளையம் எங்க நிக்குதோ அதுக்கு எது சரியோ அதை எடுங்க. பேரம் பேசாதீங்க.”

பெரிய இறக்கம் அதற்குப் பிறகுதான். அவள் முன்னால் போனாள். முதல் கல்லில் ஃபோர்க் இறங்கி நிமிர்ந்தது. அடுத்ததில் இன்னும் ஆழமாக. இதுவரை ஒரே கடகடவாக இருந்த தரை, இப்போது தனித்தனியாக வந்தது: இது வேர், இது உருளும் கல், இது மண். கொப்புளம் எரியத் தொடங்கியது. வண்டி எனக்குக் கீழே அசைந்தது. அசைகிற எதன் மேலும் நான் உட்கார்ந்து நாளாகிவிட்டது. பிறகு பாதை திடீரென்று முடிந்து வெறும் பாறை முகம் சரிந்தது. அவள் அதில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தாள்.

விளிம்பில் பிரேக் பிடித்தேன். முன் சக்கரம் அரை அடி வழுக்கி நின்றது. கீழே ஊதா நிறம் சின்னதாகிக்கொண்டிருந்தது. கடையில் சுமைக்காரர்களைக் கூப்பிடும் குரலில் கத்தினேன்.

“நில்லு.”

நின்றாள். ஒரு காலை ஊன்றி, திரும்பாமல். வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு, பாதி உட்கார்ந்து பாதி சறுக்கி, கால்சட்டை கிழிய அவளிடம் போய்ச் சேர்ந்தேன். கால் நடுங்கியது. அதை நிறுத்த முடியவில்லை.

“என்ன?” என்றாள்.

“பயமா இருக்கு.”

“இந்தப் பாறைக்கா?”

“அதுக்கும்.”

என் காலைப் பார்த்தாள். அது நடுங்குவதை மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பரிசோதனையில் ஒருவர் கடைசி வரியைத் தப்பில்லாமல் படித்தால்கூட அவள் ஆகா என்று சொல்லமாட்டாள்; அடுத்த கண்ணை மூடச் சொல்வாள்.

“இன்னும் இப்படி ரெண்டு வரும். ரெண்டாவது இதைவிட மோசம். வேணும்னா இறங்கித் தள்ளிட்டு வாங்க, தப்பில்ல. நானும் முதல் வருஷம் பூரா தள்ளிட்டுத்தான் போனேன்.”

“அந்த வீட்ல,” என்றேன். “சைக்கிள் நிறுத்த இடம் இருக்கா?”

அவள் பதில் சொல்லும் முன் யோசித்தாள். மனசுக்குள் அந்த வீட்டின் கதவைத் திறந்து பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

“படிக்கட்டுக்குக் கீழ. ஒண்ணுதான் நிக்கும்.”

தலையாட்டினேன். அவள் மிதிகட்டையைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவந்து, அதில் பாதத்தை வைத்தாள்.

“ரெண்டாவதுன்னா செவுத்துலதான் மாட்டணும். ஆணி அடிக்க விடுவாங்களான்னு தெரியல.”

“கேக்கறியா?”

“செவ்வாய்க்கிழமை பதில் சொல்றப்போ கேக்கறேன். விடலன்னா விடலதான். என்னைப் போய் அவங்ககிட்ட பேரம் பேசச் சொல்லாதீங்க.”

“நான் வந்து பேசறேன்.”

“வாங்க,” என்றாள். ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு கிளம்பினாள்.